அறுந்த கயிறும் அறுத்த கயிறும்

நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த படம் எது என்று இளம் ஓவியர்களான உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தார். பிடித்த படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தற்பெருமையில்தான் முடியும். அது எனக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அதனால், எந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காதோ, அதைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நாற்பது வருஷம் கோவில்பட்டியில் படம் போட்டுப் பிழைத்தவன் நான். முதலில் தீப்பெட்டி லேபிள், அப்புறம் காலண்டர், கடைசிப் பதினைந்து வருஷம் ஊர் வரலாற்றுப் புத்தகங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் படங்கள். எங்கள் கரிசல் பக்கத்தில் வரலாற்றுப் படம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்ற கதையோடுதான் வருவார்கள். கோட்டையைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பியவர்கள், காவலை உடைக்கப் பார்த்துப் பிடிபட்டவர்கள், சேதி கொண்டு ஓடி வந்து தாமதமாகச் சேர்ந்தவன். ஜெயித்தவனை வரைவது சுலபம், கையைத் தூக்கி நிற்கவைத்தால் போதும். முயற்சி செய்து தோற்றவனை வரைவதில்தான் வினை இருக்கிறது. முயற்சியே செய்யாதவனும் படத்தில் கிட்டத்தட்ட அவனைப் போலவேதான் இருப்பான்.

இதை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. சேதி கொண்டு ஓடி வருகிறவனை நான் ரொம்ப உணர்ச்சியோடு வரைந்து கொண்டுபோயிருந்தேன். வியர்வை, விரிந்த கண், பின்னால் எரிகிற ஊர். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, இவன் சேதி சொல்ல ஓடி வாரானா, ஊரை விட்டுட்டு ஓடிப் போறானா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. படம் பார்க்கத் தெரியாத அம்மா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. எரிகிற ஊரை அவனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். புத்தகம் நன்றாக வந்தது. ஒருவர் அச்சுக்கு முன்னால் கேட்டதால் தப்பித்தேன், அவ்வளவுதான். அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாகலாபுரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். மூன்று தலைமுறைக்கு முன்னால், மழை இல்லாத ஒரு வருஷத்தில், ஊர்க் கிணற்றை ஆழப்படுத்த நான்கு பேர் உள்ளே இறங்கியிருக்கிறார்கள். நான்கு பேருமே அந்த ஊர் சம்சாரிகள், சொந்த நிலத்தில் வெள்ளாமை செய்கிறவர்கள். கரிசல் மண் காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் மொத்தமாகச் சரியும். வருஷம் முழுக்கப் பெய்யாத மழை அன்றைக்கு மத்தியானம் பெய்திருக்கிறது. மேலே துணைக்கு நின்றவர்கள் ஊருக்குள் ஆள் கூப்பிட ஓடிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒருவர், சத்தம் கேட்டு ஓடிப்போய், கிடந்த கயிற்றை உள்ளே விட்டு, மறு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தனி ஆளாக இழுத்திருக்கிறார். ஒருவர் பாதிக் கிணறு ஏறிவிட்டார். கயிறு அறுந்தது. ஊரிலிருந்து ஆள் வருவதற்குள் சுவர் சரிந்து நான்கு பேரையும் மூடிவிட்டது. இழுத்தவர் உயிரோடு இருந்தார், இடுப்பில் தழும்போடு. அவருடைய பேரன்தான் மாடசாமி.

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று, செத்துப்போன நான்கு பேரின் குடும்பங்களும் கிணற்று மேட்டில் பொங்கல் வைப்பார்கள். பானை ஏற்றுவதற்கு முன்னால் மாடசாமி வீட்டிலிருந்து ஒரு புதுக் கயிறு வர வேண்டும். அதைக் கிணற்றுச் சுவரில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் அடுப்பு பற்றவைப்பார்கள். அதற்குக் ‘கயிறு சாத்துறது’ என்று பெயர். சம்சாரிகள் நடத்துகிற கும்பிடுதலில் ஆடு மேய்க்கிற குடும்பத்துக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அந்தக் குடும்பத்துக்கு வேறு சொத்து, சுகம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாளுக்காக மாடசாமி பத்து நாள் உட்கார்ந்து கையால் கயிறு திரிப்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஊரில் கமிட்டி போட்டு, கிணற்றடியில் சின்னதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். பின்சுவர் முழுக்க அந்தக் காட்சியை வரைய வேண்டும் என்று கமிட்டித் தலைவர் என்னைத் தேடி வந்தார். செத்தவர்களில் ஒருவரின் பேரன் அவர். நல்ல மனுஷர்தான். படத்தைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

நான் சும்மா வரைகிற ஆள் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தக் காலத்து வேட்டிக் கட்டு எப்படி, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கல் எந்தப் பக்கம் இருந்திருக்கும், கரிசலுக்குக் கீழே எந்த ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை தெரியும் என்றெல்லாம் விசாரித்தேன். இழுக்கிறவரின் உடம்பு சரியாக வர வேண்டும் என்பதற்காகக் கடையில் நான்கு கெஜம் நைலான் கயிறு வாங்கி, பக்கத்து வீட்டு வேன் டிரைவரை மொட்டை மாடியில் வேட்டி கட்டி நிற்கவைத்து, பின்னால் சாய்கிற மாதிரி போனில் படம் எடுத்தேன். கயிறு அறுந்து அவர் மல்லாந்து விழப்போகிற கணம். அதைத்தான் வரைந்தேன். ஆடு மேய்க்கிறவர் ஆயிற்றே, குழை ஒடிக்கிற தொரட்டி இல்லாமல் எப்படி இருப்பார் என்று யோசித்து, நுனியில் அரிவாள் கட்டிய அந்த நீளக் கம்பையும் அவர் பக்கத்தில் போட்டுவைத்தேன். யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றிய விஷயம் அது. ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

கடையில் நைலான் கயிற்றை வெட்டித் தரும்போது நுனி பிரியாமல் இருக்க நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கித் தருவார்கள். நுனி கத்தியால் வெட்டினாற்போல மொழுக்கென்று இருக்கும். போனில் இருந்ததைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டேன். நிறத்தை மட்டும் நார்க் கயிறு மாதிரி மாற்றினேன். இடுப்பைச் சுற்றிய கயிறு, அதன் மொழுக்கென்ற நுனி, அதற்கு ஒரு முழம் தள்ளி அரிவாள் கட்டிய கம்பு. மூன்றும் ஒரே இடத்தில். இருபது நாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். என் கண்ணில் படவே இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு மண்டபம் திறந்தார்கள். சாமிச் சிலைக்குச் செய்கிற மாதிரி, படத்திலிருந்த ஐந்து பேருக்கும் நானே கருவிழி வைத்துக் கண் திறந்தேன். சூடம் காட்டினார்கள். மாடசாமி புதுச் சட்டை போட்டுக் கூட்டத்தில் நின்று தன் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயசிருக்கும். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் கயிறு சாத்துவது அவர் கையால்தான் நடந்தது.

படத்தை எல்லாரும் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ‘அறுத்துல்ல விட்டிருக்காரு’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கயிறு அறுந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. பார்த்த நான்கு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தன்னையும் உள்ளே இழுத்துவிடுமோ என்று பயந்து அறுத்துவிட்டான் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே அரைகுறையாக இருந்திருக்கும் போல. அது அடங்கித் தூர்ந்து கிடந்தது. என் படம் அதைத் தோண்டி வெளியே போட்டுவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் குழுக்களில் கயிற்று நுனியைப் பெரிதாக்கி, அரிவாளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினார்கள். வரைந்தவர் பெரிய ஆள், விசாரிக்காமலா வரைந்திருப்பார் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். என் புகழ் எனக்குப் பயன்பட்டதோ இல்லையோ, அதற்கு நன்றாகவே பயன்பட்டது.

பங்குனியில் மாடசாமி என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். கத்தாழை நாரில் திரித்தது. வெட்டாமல், இழுத்தே அறுந்த நுனி. முறுக்கு பிரிந்து, ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு நீளத்தில் சிலும்பிக்கொண்டு நின்றது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

“அண்ணாச்சி, படம் நல்லாத்தான் இருக்கு. கொறை சொல்ல வரல. அந்த நுனிய மட்டும் கொஞ்சம் பிச்சு விட்டுருங்க. இந்த மாதிரி” என்றார்.

கேட்டது அவ்வளவுதான். தொரட்டியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. தாத்தா கையில் அது இருந்தது உண்மைதானே என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பு என்னுடையது, நாளைக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. கண் திறந்து சூடம் காட்டிய படத்தில் மறுபடி பிரஷ் வைப்பது வழக்கமில்லை, அது குற்றமாகிவிடும், சாமி விஷயம் என்றேன். எங்கள் தொழிலில் அப்படி ஒரு பேச்சு உண்டு, பொய் இல்லை. ஆனால் சாயம் உதிர்ந்தால், ஈரம் ஏறினால் எத்தனையோ படங்களில் நான் பிரஷ் வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். போய்த் திருத்தினால் தப்பு என்னுடையது என்று ஊருக்குத் தெரியும். தலைவரின் சொந்தக்காரர்கள் விளாத்திகுளம் பக்கம் இன்னொரு பெரிய மண்டபத்துக்கு என்னைத்தான் பேசிவைத்திருந்தார்கள். நைலான் கயிற்றைப் பார்த்து வரைந்தவன் என்று பெயரெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மாடசாமி வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். சாமி குற்றம் என்றதும் தலையாட்டிவிட்டார். அப்படி அவர் உடனே நம்பியதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. போகும்போது அந்தக் கயிற்றுத் துண்டை மறக்காமல் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் மறுபடி வந்தார். இந்த வருஷம் அவர் வீட்டுக் கயிறு வேண்டாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் என்றேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற உரிமை அவருக்கு இல்லை என்கிற தைரியம்.

“அப்பம் ஒரு தாள்லயாச்சும் எழுதிக் குடுங்க அண்ணாச்சி. அது அறுந்த கயிறுதான், அறுத்த கயிறு இல்லன்னு. ஒங்க கையெழுத்து இருந்தாப் போதும், அவிய கேப்பாவ.”

எழுத உட்கார்ந்தேன். ‘அது அறுந்த கயிறு, நுனியை நான் தவறாக வரைந்துவிட்டேன்.’ இதுதான் எழுத வேண்டிய வாக்கியம். என் பேனா அந்த இரண்டாம் பாதிக்குப் போக மறுத்தது. தப்பு என்ற சொல் வராமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பத்திரிகைகளில் சின்ன எழுத்தில் போடுவார்களே, அந்த மாதிரி ஒன்று எழுதினேன். இந்த ஓவியத்தில் உள்ள காட்சி ஓவியரின் கற்பனை, இதை எந்த நிகழ்வுக்கும் ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எழுதிவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

மாடசாமி ஆறாம் வகுப்போடு நின்றவர். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “இதுல கயிறுங்கிற வார்த்தையே இல்லையே” என்றார். மொத்தப் படத்துக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், கயிறும் அதில் அடங்கும் என்றேன். சரி என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது தலைவர். திங்கட்கிழமை காலையில் போன் பண்ணினார், நன்றி சொல்ல.

“தெளிவா எழுதிக் குடுத்திட்டீங்க அண்ணாச்சி. இனி ஒரு சோலியும் இல்ல. அந்த ஆளு வந்தாரு, கயிறு விட்டாரு, இழுத்தாருன்னு சொல்லுததே அவிய வீட்டுல சொன்ன கதைதான, வேற யாரு பாத்தா? நீங்களே கற்பனைன்னு எழுதிட்டீங்க. அப்பம் அறுந்துச்சா அறுத்தாராங்கிற பேச்சுக்கே எடமில்ல.”

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஊரில் ஒரு சண்டை தீர்ந்த நிம்மதிதான் இருந்தது. கயிறு அறுந்த இடத்தில்தான் கேள்வி இருந்தது. நான் அந்த மனுஷனையே கேள்வியாக்கிக் கொடுத்துவிட்டேன். அப்படி நான் எழுதவில்லை, இழுத்தது நிஜம், அறுந்தது நிஜம், நுனிதான் பிழை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். தலைவர் மறுமுனையில் காத்துக்கொண்டுதான் இருந்தார். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஆடியில் கடையில் வாங்கிய கயிற்றை நான்கு குடும்பத்தாரும் சேர்ந்தே சாத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். மாடசாமி தான் திரித்த கயிற்றோடு வந்து கொஞ்ச நேரம் தள்ளி நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். யாரும் அவரைத் திட்டவில்லையாம்.

விளாத்திகுளம் மண்டபத்தை நான்தான் வரைந்தேன். நன்றாகவே வந்தது. பிறகு நான்கைந்து வருஷம் வேலை, விழா, பொன்னாடை என்று ஓடியது. மாடசாமியை நினைக்காமல் இருக்க எனக்கு வேலை உதவியது. அப்புறம் வலது கையில் நடுக்கம் ஆரம்பித்தது. கூடிக்கொண்டேதான் போகும் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். பிரஷ் பிடிக்க முடிகிற நாட்களுக்குள் முடிக்க வேண்டிய வேலை என்ன என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தது கயிற்று நுனி. இரண்டாவதாக எழுத ஒன்றும் இல்லை.

கத்தாழை நாருக்கு அலைந்து கிடைக்காமல், தேங்காய் நார்க் கயிற்றை வாங்கி இழுத்து அறுத்துப் பார்த்தேன். புரி எப்படிப் பிரிகிறது என்று நாலு நாள் வரைந்து பழகினேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் நடுங்காமல் வரைய முடிந்தது. சாயம், பிரஷ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. முதலில் திருத்திவிடுவது, பிறகு தலைவர் வீட்டுக்குப் போய் நின்று தப்பை ஒத்துக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

மண்டபத்தில் என் படம் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்து, அதன் மேல் பெரிய ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் யாரோ செய்தது. நான்கு பேரும் கிணற்றுக்குள் நின்று மேலே பார்க்கிறார்கள். முகங்கள் என் படத்திலிருந்து எடுத்தவை, நான் வைத்த கண்கள்தான். மேலே மழை, மின்னல். கிணற்று விளிம்பில் யாரும் இல்லை. கயிறும் இல்லை.

உளுந்துக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது. மாடசாமி என்னை அடையாளம் கண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா என்று விசாரித்தார். பையைத் திறந்து பிரஷைக் காட்டி, நுனியைத் திருத்த வந்தேன், தப்பு என்னுடையதுதான், கண் திறந்த கதையெல்லாம் நான் சொன்ன சாக்கு என்றேன்.

அவர் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அறுத்தவருன்னாச்சும் படத்துல நின்னாரு, அண்ணாச்சி. இப்பம் அவரு அங்கன வரவே இல்லன்னு ஆயிப்போச்சு.”

உங்கள் வீட்டுச் சுவரில் வரைந்து தருகிறேன், இன்றைக்கே ஆரம்பிக்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கோபமில்லாமல் தலையை ஆட்டினார்.

“வேண்டாம். நாளைக்கு யாரும் வந்து கேட்டா, கற்பனைன்னு எழுதிக் குடுத்திருவீங்க.”

ஆடுகள் பருத்திக் காட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. அவர் போய்விட்டார். திரும்பிப் போகிற பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு பேரும் எனக்கு மேலே, யாரும் இல்லாத விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, தங்கைகளே, தவறாக வரைவீர்கள். எல்லாரும்தான் வரைகிறோம். அதைச் சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவார், மிகவும் சின்னதாக ஒன்று கேட்பார். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு அவர் கூடவே பஸ் ஏறிவிடுங்கள். அந்தக் கயிற்று நுனியைப் பிரித்து வரைய எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.